மார்கழியில் பார்த்த நிலம்

அன்புள்ள மகன் தங்கராசுக்கு, உன் அப்பா தன் சொந்தக் கையால் எழுதுவது.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரிசி களைந்துகொண்டிருந்த உன் அம்மா, "என்ன, எழுத்து எந்திரிச்சு ஓடிருமா? இப்படிக் காவல் இருக்கீய?" என்று கேட்டாள். ஓடிவிடும் போலத்தான் இருந்தது எனக்கு. அறுபதைத் தாண்டிய கிழவனுக்கு இவ்வளவு சந்தோஷம் ஆகாது என்று நீ நினைக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும். இனி எழுதப்போவதில் சந்தோஷம் அதிகம் கிடையாது. அதனால் இருக்கிறதை முதலிலேயே அனுபவித்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் முனிசிபல் பள்ளிக்கூடத்தில் எங்களைப் போன்ற பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தருகிற செம்பூர் ஜானகி டீச்சர் இந்தக் கடிதத்தில் பிழை திருத்தித் தருகிறார். "பிழையை மட்டும் திருத்துங்கம்மா, சொல்லுல கை வைக்கப்படாது" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "உங்க பிள்ளைக்கு நீங்க எழுதறேள். அதுல கை வைக்க நான் யாரு?" என்று சிரித்தார்.

ஊரிலிருந்து நீ போட்ட கடிதம் காதர் பாய் டீக்கடைக்கு வந்தது. நம் தெருக் கடிதமெல்லாம் அங்கேதானே வரும். உனக்குத் தெரியாது, இத்தனை வருஷமும் எனக்கு வந்த ஒவ்வொரு கடிதத்தையும் அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் கேட்டிருக்கிறேன். காதர் பாய் உரக்கத்தான் வாசிப்பார். யாராவது இறந்த செய்தி என்றால் முதலில் என் கையில் டீயைக் கொடுத்துவிட்டு அப்புறம் வாசிப்பார். நான் கேட்காமல் அவர் டீயை நீட்டினாலே, யார் போனது என்றுதான் முதலில் கேட்பேன். அன்றைக்கும் உறையைக் கையில் வைத்துக்கொண்டு, "உக்காருங்க அண்ணாச்சி, படிக்கேன்" என்றார். "குடும் பாய், இன்னைக்கு நானே பாத்துக்கிடுதேன்" என்றேன். கடையே திரும்பிப் பார்த்தது. காதர் பாய்க்கு முகம் வாடிவிட்டது. "அப்போ தெருவுல ஒரு விசேஷமும் இனி எனக்குத் தெரியாமப் போவுமா?" என்றார். அதற்காகத்தான் இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் எழுதவில்லை. இதன் நகல் ஒன்றை அவர் கடைச் சுவரில் ஒட்டப்போகிறேன். எழுத்தறியாதவனுக்கு மூடிய கடிதம் என்று ஒன்று கிடையவே கிடையாது. என் சங்கதி எல்லாம் தெருவின் காதில் விழுந்துதான் என் காதில் விழுந்தது. இதுவும் அப்படியே திறந்து கிடக்கட்டும். ஊரில் ஒரு துண்டு நிலத்தைப் பார்த்துவிட்டு வந்து மனசு கெட்டுக் கிடக்கிற பிள்ளைகள் இந்தத் தெருவில் உன்னோடு முடிந்துவிடவில்லை.

நீ தமிழ் வாசிக்கத் திணறுவாய் என்பதும் எனக்குத் தெரியும். இங்கே பிழைக்க வேண்டியவன் என்று உன்னை மராத்திப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது நான்தான். இப்போது அப்பன் எழுதக் கற்றுக்கொண்டான், மகனுக்கு வாசிக்க வரவில்லை. போகட்டும், நீ சொல்லச் சொல்ல உன் கடிதத்தை எழுதினது மருமகள் செல்விதானே, இதையும் அவளே உனக்கு வாசித்துக் காட்டுவாள். தாயி செல்வி, ஒரு வரியும் விடாமல் வாசி. உனக்கு வாசிக்கக் கஷ்டமான இடம் ஒன்று பின்னால் வரும். அதையும் விடாதே.

உன் கடிதத்தில் இருந்ததை நான் சரியாகத்தான் வாசித்தேனா என்று பார்த்துக்கொள். குளம் கரை தட்டி நிற்கிறது. கொக்கும் நாரையுமாய் இருக்கிறது. கரைக்குக் கீழே சுடலைமுத்து மாமாவின் வயல் பச்சையாய் அலையடிக்கிறது. காற்றில் நாற்றமே இல்லை. மாமா அந்த நிலத்தை உனக்கு எழுதிவைக்கச் சம்மதித்துவிட்டார். பதிலுக்குத் தாராவியில் இருக்கிற நம் கோலியை, இந்த ஒற்றை அறை வீட்டை, அவர் பெயருக்கு மாற்றிக்கொடுத்தால் போதும். அவர் குடும்பத்தோடு பம்பாய் வருகிறார், நாம் எல்லாரும் ஊருக்குப் போகிறோம். உன் லீவை இந்தத் தை மாதம் முழுக்க நீட்டிவிட்டாய். இவ்வளவும் எழுதி, உறைக்குள் ஒரு பத்திரக் காகிதத்தையும் மடித்து வைத்திருந்தாய். அதன் அடியில் பென்சிலால் ஒரு வட்டம். வட்டத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. கூட்டிக் கூட்டி வாசித்தேன். 'இங்கே அப்பா கைநாட்டு' என்று இருந்தது.

மகனே, நான் எழுதப் படிக்கப் போனதை உனக்குச் சொல்லவில்லை. பொங்கலுக்கு நீ வந்ததும் கையெழுத்துப் போட்டுக் காட்டி உன்னைத் திகைக்க வைக்கலாம் என்று இருந்தேன். அதனால் நீ கைநாட்டு என்று எழுதினதில் குற்றமில்லை. ஆனாலும் உன் அப்பன் கையெழுத்துப் பழகியதும் உலகம் அவனிடம் கேட்கிற முதல் கையெழுத்து, இருக்கிற ஒரே கூரையைக் கொடுத்துவிடு என்பதாக இருக்கிறதே என்று ஒரு கசப்பு. உன் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் தம்பிதானே சுடலைமுத்து. சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், குடத்தை ணங்கென்று வைத்துவிட்டு, "எந் தம்பி இங்க வாரானா? வரட்டும். ஆடி மாசம் ராத்திரியும் பகலும் சட்டியால தண்ணி எறைச்சுப் பாக்கட்டும். அவனுக்கும் ஒரு சட்டி எடுத்து வச்சிருக்கேன்" என்றாள்.

நீ ஏன் போக நினைக்கிறாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. விக்ரோலியில் ஃபாக்டரி வேலைக்குப் போகிற உனக்கு ஃபிட்டர் என்று மரியாதை இருந்தது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை விக்ரோலியிலிருந்து நீயும் செல்வியும் ரயிலில் வரும்போது, நீங்கள் தமிழில் பேசுகிறதைக் கேட்டு நாலு பையன்கள் எழுந்து நின்று, லுங்கியைத் தூக்கிக்கொண்டு உங்கள் மதராசுக்கே ஓடுங்கள் என்றார்கள். நீ வேட்டிகூடக் கட்டியிருக்கவில்லை, பேண்ட் போட்டிருந்தாய். அவர்களைவிட நல்ல மராத்தியில் பதில் சொன்னாய். நான் இங்கேயே பிறந்தவன் என்றாய். அதைக் கேட்டுத்தான் அவர்களுக்கு இன்னும் சிரிப்பு வந்தது என்று செல்வி சொன்னாள். நம் ஸ்டேஷன் வருமுன்னே குர்லாவில் உங்களை இறக்கிவிட்டார்கள். அதற்கடுத்த வாரம் மாட்டுங்காவில் தமிழ் எழுதிய கடைப் பலகை ஒன்றை உடைத்தார்கள். நீ அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. கொஞ்ச நாள் ஊருக்குப் போய் வா, மனசு ஆறும் என்று உன்னை அனுப்பிவைத்தது நான். விவரம் தெரிந்து நீ ஊரைப் பார்க்கிறது இதுதான் முதல் தடவை என்பதையும், அதை மார்கழியில் பார்க்கப்போகிறாய் என்பதையும் நான் யோசிக்கவில்லை.

இப்போது நான் சொல்லவந்ததைச் சொல்கிறேன். டீச்சர் எங்களுக்கு வாசிக்கப் பழகக் கொடுக்கிற புத்தகங்களில் ஒரு பழைய பூகோளப் புத்தகம் இருக்கிறது. அட்டை கிடையாது. அதில் பம்பாயைப் பற்றி ஒரு பாடம், நம் திருநெல்வேலிச் சீமையைப் பற்றி ஒரு பாடம். இரண்டையும் விரல் வைத்து வைத்து வாசித்தேன். பம்பாயில் நல்ல துறைமுகம், பஞ்சாலைகள், மழை மிகுதி என்று போட்டிருந்தது. திருநெல்வேலியில் தாமிரபரணிப் பாசனம், இருபோக நெல், பனை, உப்பு என்று போட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டீச்சர், "என்ன தாத்தா சிரிக்கறேள்?" என்றார். "ஒண்ணுமில்லம்மா, ரெண்டு எடத்துலயும் நான் இருந்திருக்கேன். இதுல சொல்லுத சொத்து ஒண்ணையும் நான் கண்ணால கண்டதில்ல" என்றேன். அவர் சிரிக்கவில்லை. தேசப் படத்தை விரித்து மழைக்காற்று வருகிற வழியைக் காட்டினார். அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. ஆனியிலும் ஆடியிலும் கடலிலிருந்து எழும்புகிற காற்று ஒன்றுதானாம். அது இந்தக் கரையில் மோதி, கையில் இருக்கிற தண்ணீரை எல்லாம் பம்பாய் மேலே கொட்டுகிறது. தெற்கே மலையில் ஏறி அங்கேயும் மேல்பக்கம் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு நம் ஊருக்குள் இறங்குகிறது. இங்கே நம் கோலிக்குள் முழங்கால் தண்ணீர் நிற்கிற அதே நாட்களில், அங்கே தேரிக்காட்டுச் செம்மணலை வாரிக்கொண்டுவந்து கஞ்சிக் கலயத்தில் போடுகிறது. நாம் இரண்டு இடத்திலும் ஒரே காற்றில்தான் அடிபட்டிருக்கிறோம். இங்கே நனைந்து, அங்கே காய்ந்து. பிறகு ஐப்பசி, கார்த்திகையில்தான் அங்கே மழை. அதுவும் வந்தால். மார்கழியில் குளம் நிறையும். நீ பார்த்தது அதைத்தான்.

இதில் நம் ஆட்கள் எல்லாரும் செய்கிற ஒரு பிசகு இருக்கிறது, கவனி. இங்கேயிருந்து ஊருக்குப் போகிறவர்கள் எப்போது போகிறார்கள்? பொங்கலை ஒட்டி, மார்கழி, தையில். அங்கேயிருந்து பிழைப்புத் தேடி இங்கே வருகிறவர்கள் எப்போது வருகிறார்கள்? குளம் வற்றி, வயல் வேலை நின்றுபோய், சித்திரை, வைகாசியில். அங்கே இருப்பவன் பம்பாயை அது காய்ந்து கிடக்கும்போது மட்டும் பார்க்கிறான். இங்கே இருப்பவன் ஊரை அது நனைந்து கிடக்கும்போது மட்டும் பார்க்கிறான். இரண்டு பேரும் மற்றவன் இடத்தைப் பார்த்து ஏங்குகிறார்கள்.

நானே அப்படி வந்தவன்தான். கல்யாணமான புதிதில் உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரு சித்திரையில் இங்கே வந்து இறங்கினேன். நமக்கு முந்தி வந்தவர்கள் எல்லாரும் மேட்டில் ஒருவர் மேல் ஒருவராக நெருக்கியடித்துக் கிடந்தார்கள். உப்பங்கழி ஓரமாய்க் களம் மாதிரி சமதரை, அகலமாய், யாருமே இல்லாமல் கிடந்தது. தரை வெடித்து, காய்ந்து, காலால் தட்டினால் சத்தம் கேட்டது. இந்த மடையர்கள் இதை விட்டுவிட்டு அங்கே ஏன் சாகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, நாலு மூங்கில் நட்டுத் தகரம் போட்டு, பின்னால் உன் அம்மாவுக்குக் கீரை போட ஒரு பாத்திகூட ஒதுக்கினேன். அந்தப் பக்கமாய்ப் போன ஒரு கிழவர் நின்று பார்த்துவிட்டு, "எந்த ஊருவே ஒமக்கு?" என்றார். சொன்னேன். "அதான. குளத்துக்குள்ள வீடு கெட்டுதீரு. நல்லாக் கெட்டும்" என்று போய்விட்டார். மழை தொடங்கின மறுநாளே கடலும் ஏறியது. மூங்கில் நின்றது, தகரம் நின்றது, அடுப்பும் பாயும் மாஹிம் பக்கமாய்ப் போய்விட்டன. உன் அம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "கீரைக்குத் தண்ணி பத்துமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை இன்றைக்கும் விடவில்லை. என் சொல் எதுவும் எடுபடக்கூடாது என்றால் கீரையை எடுத்துவிடுவாள்.

அதே மாதிரிதான் சுடலைமுத்தும். மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்தானே, அதுவும் சித்திரைதான். சாயங்காலம் வாசலில் கயிற்றுக்கட்டில் போட்டு உட்கார வைத்தோம். கழிப் பக்கமிருந்து காற்று வந்தது. தோல் ஷாப்பு நாற்றத்தையும் சேர்த்துத்தான் கொண்டுவந்தது, ஆனால் வேலைக்கு ஏங்கி வந்தவனுக்கு நாற்றம் தெரியாது. "மச்சான், மாசாமாசம் சம்பளம், வாசல்ல குழாய், காத்துக்குக் காத்து. நீரு ராசா மாதிரி இருக்கேரு வே" என்றான். நான் சிரித்துக்கொண்டேன். மழையில் நாம் கட்டிலின் நாலு காலுக்கும் செங்கல் முட்டுக் கொடுத்து, அதன் மேல் அடுப்பை வைத்துச் சமைப்போம் என்று நான் சொல்லவில்லை. குழாயில் விடிவதற்கு முன் ஒரு நூல் அளவுக்குத் தண்ணீர் வரும், அதற்குப் பெண்கள் தலைமயிரைப் பிடித்துக்கொள்வார்கள் என்றும் சொல்லவில்லை. ஊர்க்காரன் ஒருத்தன் நம்மை ராசா என்கிறான், அதை ஏன் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டேன். இப்போது அவன் தன் குளத்தைப் பற்றி உன்னிடம் சொல்லாமல் இருக்கிறான். அவன் ஏமாற்றுகிறான் என்று நினைக்காதே. நான் சிரித்த சிரிப்பைத்தான் அவனும் சிரிக்கிறான்.

அந்தக் குளத்தைப் பற்றி நான் சொல்கிறேன். நம்முடையது கடைசிக் குளம். ஆற்றிலிருந்து பிரிகிற கால்வாய் ஒவ்வொரு குளமாய் நிரப்பிக்கொண்டு வந்து, மேலே இருக்கிறதெல்லாம் வழிந்த பிறகுதான் நமக்கு வரும். ஆற்றங்கரையில் இருபோகம் உண்டு, புத்தகத்தில் போட்டிருப்பது பொய்யில்லை. செல்வி அந்தப் பக்கத்துப் பிள்ளை, தண்ணீர் ஓடுகிறதைப் பார்த்து வளர்ந்தவள், அவளுக்கும் கடைசிக் குளம் என்றால் என்னவென்று தெரியாது. மேலே அவர்கள் மடையைத் திறந்தால் நாம் நடுவோம். திறக்காவிட்டால் வானத்தைப் பார்ப்போம். மாசியில் தண்ணீர் குழம்பிப் போகும். பங்குனியில் ஆடு உள்ளே மேயும். ஆடியில் குளத்தின் நடுவில் ஆள் உயரத்துக்கு ஊற்றுத் தோண்டி, அதற்குள் இறங்கிச் சிரட்டையால் கோரிக் குடத்தை நிரப்புவார்கள். மாமா வயலில் ஒரு கிணறு இருக்குமே, பார்த்தாயா? அந்தத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தாயா? குடித்துப் பார். உப்புக் கரிப்பில் நம் கழித் தண்ணீருக்கு அது அண்ணன்.

இங்கே என்ன வாழ்கிறது என்று கேட்பாய். நீ சின்ன வயதில் ஏறி நடந்து விளையாடின பெரிய குழாய், ஆள் நுழைந்து போகிற மொத்தம், நம் தெருவை ஒட்டித்தானே ஓடுகிறது? எங்கேயோ மலையிலிருக்கிற ஏரித் தண்ணீரை நகரத்துக்குக் கொண்டுபோகிற குழாய் அது. காதை வைத்துக் கேட்டால் உள்ளே தண்ணீர் போகிற சத்தம் கேட்கும். உன் அம்மா அதன் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு, காலிக் குடத்தோடு வரிசையில் நின்றிருக்கிறாள். அங்கே கால்வாய், இங்கே குழாய். இரண்டிலும் தண்ணீர் நம் பக்கம் வந்துதான் போகிறது, நம்மிடம் நிற்காது. இந்த இரண்டு சீமைக்கும் நான் கண்ட ஒற்றுமை இது ஒன்றுதான், இதை அந்தப் புத்தகத்தில் போடவில்லை.

தோல் ஷாப்புக்கு நான் வேலைக்குப் போன முதல் வாரம் நடந்ததைச் சொல்கிறேன். லாரியிலிருந்து மூட்டை இறக்கினோம். ஒரு மூட்டை அவிழ்ந்து பட்டை சிதறியது. எடுத்து மோந்து பார்த்தேன். ஆவாரம்பட்டை. நம் ஊரில் மழையில்லாத கரட்டிலும் தானாக முளைத்து மஞ்சளாய்ப் பூக்குமே, அந்த ஆவாரை. என் ஆத்தாள் அதைத்தான் வெயிலில் உரித்துக் கட்டுக் கட்டாய் வியாபாரிக்குப் போட்டாள். என்னைப் போலவே அதுவும் ரயிலேறி வந்து இங்கே தோலைப் பதப்படுத்தக் குழியில் ஊறுகிறது. முதலாளி ராவுத்தர் நம் ஜில்லாக்காரர்தான். நான் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "என்னல, சொந்தக்காரனக் கண்டுட்டியோ?" என்றார். "ஆமா மொதலாளி, இது எங்க காட்டுல சும்மா கெடக்கும்" என்றேன். "சும்மா கெடக்கதுக்கு ஊருல ஏது மரியாத? பட்டைக்கும் இங்க வந்தாத்தான் வேலை, ஒனக்கும் இங்க வந்தாத்தான் வேலை. போ, குழியில எறங்கு" என்றார். நல்ல மனிதர், உண்மையைத்தான் சொன்னார். பாந்த்ராவில் அறுத்த ஆட்டின் தோலும், நம் காட்டுப் பட்டையும், என் காலும் ஒரே குழிக்குள் இறங்கின. மேலே ஏறிப் போனது தோல் மட்டும்தான். அது கப்பலேறிப் போனது. பட்டை சாறு போய் எருவாகக் கிடந்தது. என் கால் எப்படி இருக்கிறது என்று நீ பார்த்திருக்கிறாய். பிறகு வேறு தேசத்துப் பட்டை கப்பலில் வந்து இறங்கியதும் ஆவாரையை நிறுத்திவிட்டார்கள். அங்கே ஆத்தாளுக்கு அந்தக் கொஞ்ச நஞ்ச வேலையும் போயிற்று. அவள் யாரையும் திட்டவில்லை. எதனால் போனது என்று அவளுக்குத் தெரிந்தால்தானே திட்டுவதற்கு.

இனி செல்விக்குக் கஷ்டமான இடம். தாயி, நிறுத்தாமல் வாசி.

உன் கடிதத்தில் ஒரு பத்தி எழுதியிருந்தாய். காலையில் மாமா உன்னைக் குளத்துக்கு ஓடை வழியாகக் கூட்டிப்போனார், தாழம்புதர் இரண்டு பக்கமும், ஒரு ஆள் கிடையாது, எவ்வளவு அழகான வழி, பம்பாயில் இப்படி நடக்க முடியுமா என்று. அந்த வரியில் மை ஊறியிருக்கிறது. நீ சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்த செல்வியின் பேனா அந்த இடத்தில் நின்றிருக்கிறது. ஏன் நின்றது என்று அவளுக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. மகனே, ஊரில் நம் தெருவிலிருந்து குளத்துக்குப் பெரிய தெரு வழியாகப் போனால் கூப்பிடு தூரம். ஓடை வழி ஊரையே சுற்றிக்கொண்டு போகும். நாங்கள் பெரிய தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர்கள். அதைவிட ஓடையில் செருப்போடு நடக்கலாம் என்றுதான் அந்த வழியே உண்டாயிற்று. நீ பேண்டும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு போயிருக்கிறாய். சுடலைமுத்து உன்னிடம் செருப்பைக் கழற்று என்று சொல்ல வாய் வராமல், அழகைக் காட்டுகிறேன் என்று ஓடை வழியே கூட்டிப்போயிருக்கிறான். அவனைக் கோபிக்காதே. அன்றைக்குக் காலை முழுவதும் பெரிய தெருப் பக்கம் உன் கால் திரும்பிவிடாமல் பார்த்துக்கொண்டே நடந்திருப்பான். காலம் மாறிவிட்டது என்கிறார்கள். மாறியிருந்தால் சந்தோஷம். நாளைக்குக் காலையில் நீ சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பெரிய தெரு வழியாகக் குளத்துக்குப் போய்விட்டு வா என்று சொல்ல என் வாய் துடிக்கிறது. சொல்லமாட்டேன். செல்வியும் பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள்.

இங்கே ரயிலில் உன்னை இறக்கிவிட்டார்கள். அங்கே நீ ஏறவே முடியாத தெரு இருக்கிறது. இங்கே உன் பேச்சைக் கேட்டுக் கண்டுபிடிக்கிறார்கள், அங்கே நீ பேச வேண்டியதேயில்லை. எது தேவலை என்று என்னைக் கேட்காதே. பம்பாயைப் புகழ்ந்து உன்னை இங்கே கட்டிப்போட நான் எழுதவில்லை. அரிசி கிடைக்காமல் ரேஷன் கடையில் மக்காச்சோளத்துக்கு நின்றோமே, அப்போது இந்த ஊர் என்ன தந்தது? ஆனால் ஒன்று, இந்த ஊரில் நான் தோல் குழியில் நின்றேன், நீ இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறாய். அந்த ஊரில் என் தாத்தா நின்ற இடத்தில்தான் அப்பா நின்றார், அப்பா நின்ற இடத்தில்தான் சுடலைமுத்து நிற்கிறான். இந்த ஒரு படியை நீ கொடுத்துவிட்டு வாங்குகிற நிலம் எது என்று பார்த்து வாங்கு.

அதனால் நான் சொல்வது இது. லீவை இதற்கு மேல் நீட்டாதே. விக்ரோலி வேலையை விடாமல் திரும்பி வா. வருகிற ஆடியில், உங்கள் ஃபோர்மன் என்ன சொன்னாலும் சரி, சம்பளமில்லாத லீவு எழுதிக்கொடுத்துவிட்டு மறுபடி ஊருக்குப் போ. மாமா வீட்டில் தங்கு. அந்தக் காற்றில் சாப்பிடு, அந்தக் காற்றில் தூங்கு. குளத்துக்குள் இறங்கி ஊற்றில் ஒரு குடம் கோரி நீயே சுமந்து வா. அதே நாட்களில் சுடலைமுத்து இங்கே வந்து நம் கோலியில் இருக்கட்டும். உன் அம்மா சட்டியோடு காத்திருக்கிறாள். "மொதல்ல தண்ணி ஏறுத மூலையிலதான் அவனுக்குப் பாயி" என்கிறாள். சிரிக்கிறாள், ஆனால் தம்பிக்காக அடுப்பை எந்த உயரத்தில் வைக்கலாம் என்று இப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் சொல்லாததை எல்லாம் அவனிடம் நானே சொல்வேன். அன்றைக்குக் கழி ஓரத்தில் அந்தக் கிழவர் என்னிடம் நின்று சொல்லாமல் போனது போலப் போகமாட்டேன். இந்தக் கடிதத்தை அவன் முன்னால் வைத்தே வாசியுங்கள். அவன் கோபப்பட்டால் படட்டும், ஓடை வழியைப் பற்றி வாசிக்கும்போது தலையைக் குனிந்தால் நீ வேறு பக்கம் பார்த்துக்கொள்.

அதற்குப் பிறகும் நீ அந்த நிலம்தான் வேண்டும் என்றால், அவனும் இந்தக் கோலிதான் வேண்டும் என்றால், நான் தடுக்கமாட்டேன். இரண்டு பேரும் கண்ணைத் திறந்துகொண்டு மாற்றிக்கொள்ளுங்கள். நானும் உன் அம்மாவும் மூட்டையைக் கட்டிக்கொண்டு உன் பின்னால் வருவோம். செருப்பை இந்த முறை கையில் எடுக்கமாட்டேன், அதை மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

இந்தக் கடிதத்தைத் தொடங்கும்போது தெருவில் கரும்புச் சக்கை கிடந்தது. இப்போது பெருக்கிச் சுத்தமாகிவிட்டது. அவ்வளவு மெதுவாகத்தான் என் கை போகிறது. பத்திரத்தை இந்த உறையிலேயே திருப்பி வைத்திருக்கிறேன். டீச்சரிடம் ரப்பர் வாங்கி நீ போட்ட பென்சில் வட்டத்தை அழித்துவிட்டேன். கைநாட்டு என்ற சொல்லையும் அழித்தேன், காகிதம் கொஞ்சம் சுரண்டிவிட்டது. அந்த இடத்தில் என் கையெழுத்தைப் போடவில்லை. 'ஆடிக்குப் பிறகு' என்று எழுதியிருக்கிறேன். மையால் எழுதியிருக்கிறேன்.

உன் அப்பா